வெளியூர்க்காரர்கள் எழுதிய வீட்டுப் பாட்டு



அழைப்பிதழில் 'வீடு திரும்பும் பாடல்கள்' என்று பொதுவாகப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தலைப்பில் ஆண்டு முழுக்கப் பேசலாம். எனக்குக் கொடுத்திருப்பது ஒரு மணி நேரம். அதனால் ஒரே ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டு, அது போன வழியெல்லாம் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். முதலில் கேட்டுவிடுவோம்.

(த்வோர்ஷாக்கின் ஒன்பதாம் சிம்பொனி, இரண்டாம் பகுதியின் தொடக்கம் ஒலிக்கவிடப்பட்டது.)

உங்களில் பலர் இதை எங்கோ கேட்டிருப்பீர்கள். எங்கே என்று நினைவுக்கு வராது. அதுவே இந்த மெட்டின் குணம். அமெரிக்கர் ஒருவரிடம் கேட்டால், 'கோயிங் ஹோம்' என்ற பழைய பாட்டு, பருத்திக் காட்டில் அடிமைகள் பாடியது, த்வோர்ஷாக் அதை எடுத்துச் சிம்பொனியில் வைத்தார் என்பார். நல்ல கதைதான். ஆனால் வரிசை தலைகீழ். சிம்பொனி அரங்கேறியது 1893இல். 'கோயிங் ஹோம்' என்ற சொற்கள் அதன்மேல் ஏறியது 1922இல். எழுதியவர் வில்லியம் ஆர்ம்ஸ் ஃபிஷர் என்ற வெள்ளைக்காரர், த்வோர்ஷாக்கின் மாணவர். பாஸ்டன் நகரில் ஆலிவர் டிட்சன் என்ற இசைப் பதிப்பகத்தில் வேலை பார்த்தவர். ஆசிரியர் இசையமைத்து 29 ஆண்டுக்குப் பிறகு மாணவர் சொல் போட்டார். சொல் வந்த பிறகு மெட்டுக்கு ஒரு பழைய பிறப்பிடம் தானாக முளைத்தது.

அந்த ஆசிரியர் அமெரிக்காவுக்கு வந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். பொஹீமியாவில் நெலஹோசெவெஸ் என்ற கிராமத்துக் கசாப்புக் கடைக்காரரின் மகன் அந்தோனின் த்வோர்ஷாக். 51 வயதில், 1892 செப்டம்பரில், நியூயார்க்கில் வந்து இறங்கினார். கூப்பிட்டவர் ஜெனட் தர்பர். மொத்த மளிகை வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தவரின் மனைவி. அமெரிக்காவின் தேசிய இசைப்பள்ளியை நிறுவியவர். பெண்களுக்கும் கறுப்பின மாணவர்களுக்கும் அந்தக் காலத்திலேயே கதவு திறந்துவைத்த பள்ளி அது. இயக்குநருக்குச் சம்பளம் ஆண்டுக்கு 15,000 டாலர். பிராகில் அவர் கனவிலும் பார்க்காத தொகை. மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்தார். மற்ற நான்கு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தார்.

இந்த நான்கு பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். இந்த சிம்பொனியின் கையெழுத்துப் பிரதியில் கடைசிப் பக்கத்தில், 1893 மே 24 அன்று வேலை முடிந்தது என்று கடவுளுக்கு நன்றி சொல்லிக் குறித்திருக்கிறார். அதோடு இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: பிள்ளைகள் சவுத்தாம்டன் துறைமுகம் வந்து சேர்ந்துவிட்டார்கள், தந்தி வந்தது என்று. 'புதிய உலகிலிருந்து' என்று பெயர் வைத்த இசையின் கடைசித் தாளில் ஒரு தகப்பனுக்கு இருந்த கவலை அது. அந்தக் கோடையில் குடும்பம் முழுவதும் அயோவா மாநிலத்தில் ஸ்பில்வில் என்ற சின்ன ஊருக்குப் போனது. செக் குடியேறிகள் செக் மொழியே பேசி வாழ்ந்த ஊர். 'அமெரிக்க' நால்வர் இசை என்று இன்று பெயர் பெற்ற படைப்பு அங்கேதான் உருவானது.

நியூயார்க் வீட்டுக்கு அவரைத் தேடி வந்து பாடியவர் ஒருவர் உண்டு. ஹாரி பர்லே. 1866இல் பென்சில்வேனியா மாநிலத்து ஈரி நகரில் பிறந்தவர். அவருடைய தாய்வழித் தாத்தா ஹாமில்டன் வாட்டர்ஸ் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர், பார்வை போனவர். ஈரி நகரில் தெருவிளக்கு ஏற்றும் வேலை பார்த்தார். பேரன்கள் கைபிடித்து அழைத்துப்போவார்கள். தாத்தா பாடிக்கொண்டே நடப்பார். 'ஸ்பிரிச்சுவல்' என்று சொல்கிறோமே, அடிமைகளின் பக்திப் பாட்டு, அதை பர்லே கற்றது அந்தத் தெருக்களில். இசைப்பள்ளிக்கு வந்தவர் அங்கே இசைக்குழுவில் டபுள் பேஸ் வாசித்தார். பிரதி எடுக்கும் வேலை செய்தார். மாலையில் ஆசிரியர் வீட்டில் தாத்தாவின் பாட்டுகளைப் பாடுவார். த்வோர்ஷாக் நடுவில் நிறுத்தி, இது அவர்கள் பாடியபடிதானா என்று துருவிக் கேட்பாராம். அமெரிக்காவின் எதிர்கால இசை இந்தப் பாட்டுகளின் மேல்தான் எழ வேண்டும் என்று 1893 மே மாதம் நியூயார்க் ஹெரால்ட் பத்திரிகையில் சொல்லிப் பெரிய சர்ச்சையைக் கிளப்பினார். வெள்ளை இசையமைப்பாளர்கள் பலருக்கு அது கசந்தது.

அப்படியென்றால் அந்த மெட்டு ஸ்பிரிச்சுவல்தானே என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அமெரிக்கப் பழங்குடி மெட்டுகளையும் அமெரிக்க மெட்டுகளையும் எடுத்தாண்டேன் என்று சொல்வது பொய், அந்த மெட்டுகளின் மனப்போக்கில் எழுத முயன்றேன், அவ்வளவுதான் என்று 1900இல் ஒரு கடிதத்தில் அவரே எழுதிவைத்திருக்கிறார். இரண்டாம் பகுதிக்குத் தூண்டுதல் லாங்ஃபெலோவின் 'ஹையவாத்தா' நெடுங்கவிதை என்றும் சொல்லியிருக்கிறார். ஆக, ஒரு வெள்ளைக் கவிஞர் எழுதிய பழங்குடிக் காதை ஒரு பக்கம், ஒரு கறுப்பின மாணவரின் குரல் ஒரு பக்கம், ஊரில் விட்டுவந்த நான்கு பிள்ளைகள் ஒரு பக்கம். இத்தனையும் சேர்ந்து பிறந்த மெட்டுக்கு ஒற்றை ஊர் எப்படிச் சொல்வது?

பிறகு மாணவர் ஃபிஷர் எழுதிய சொற்கள். கறுப்பினப் பேச்சுவழக்கைப் போல எழுத்துகளை முறித்து எழுதினார். பாடுவதற்கு வாகான சொற்கள்தான், மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு அதில் ஓர் உறுத்தல் இருக்கிறது. ஸ்பிரிச்சுவல் பாட்டுகளில் வீடு என்றால் பெரும்பாலும் சாவு. அல்லது வடக்கே, அடிமைத்தனம் இல்லாத நிலம். 'கானான்' என்று பாடியபோது நாங்கள் நினைத்தது வடக்கைத்தான் என்று அடிமையாயிருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பிறந்த இடத்திலேயே விற்கப்பட்டவனுக்குத் திரும்பிப் போக வீடு ஏது? அந்தப் பாட்டில் 'போகிறேன்' என்பது தப்பிப்போவது. ஃபிஷரின் பாட்டில் அதே குரல் அம்மாவும் அப்பாவும் காத்திருக்கும் அமைதியான வீட்டுக்குப் போகிறது. சாவைத்தான் சொல்கிறார், ஆனால் தப்பிக்கும் அவசரம் அதில் இல்லை.

கறுப்பரின் வாயில் வீட்டு ஏக்கத்தை வைக்கும் இந்த வேலையை அமெரிக்காவில் முதலில் செய்தவர் ஃபிஷர் அல்லர். 1851இல் ஸ்டீஃபன் ஃபாஸ்டர் 'ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்' எழுதினார். பிட்ஸ்பர்க் பக்கத்து இளைஞர். முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைப் போல ஆடிப் பாடும் வெள்ளையர் நாடகக் குழுவுக்காக எழுதிய பாட்டு. பழைய தோட்டத்துக்குத் திரும்ப ஏங்கும் ஒரு கறுப்பர் பாடுவதாக வரும். ஓர் ஆற்றின் பெயர் வேண்டியிருந்தது. முதலில் போட்டது ஓசைக்கு ஒத்துவரவில்லை. நிலப்பட அட்டவணையைப் புரட்டி ஃபுளோரிடாவின் சுவானீ ஆற்றைக் கண்டெடுத்து, ஓர் அசையைக் குறைத்துப் போட்டுக்கொண்டார். அந்த ஆற்றை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஃபுளோரிடா 1935இல் அதைத் தன் மாநிலப் பாட்டாக்கிக்கொண்டது!

இப்போது 1894 ஜனவரி 23. நியூயார்க்கில் ஏழைகளுக்குத் துணி வழங்க நிதி திரட்டும் கச்சேரி. மேடையில் கறுப்பினப் பாடகர் குழு, நடத்துபவர் த்வோர்ஷாக். நிகழ்ச்சியில் அவர் புதிதாக வாத்தியக்குழுவுக்கு அமைத்துத் தந்த பாட்டு எது தெரியுமா? இதே 'ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்'. தனிக்குரல் பாடியவர்கள் சிசிரெட்டா ஜோன்ஸும் ஹாரி பர்லேயும். காணாத ஆற்றைப் பற்றி வெள்ளைக்காரர் எழுதிய தோட்டத்து ஏக்கத்தை, ஊர் நினைவில் வாடும் செக் நாட்டவர் அமைத்துக் கொடுக்க, அடிமையின் பேரன் நின்று பாடுகிறார். பர்லே என்ன நினைத்துக்கொண்டு பாடினார் என்று நான் கற்பனை செய்யத் துணியமாட்டேன். ஆனால் அந்த மேடைக்கு நேரே ஒரு நாற்காலி கிடைத்தால் நான் விலை கேட்காமல் வாங்குவேன்.

இனி கருவிக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட மெட்டை வாசித்தது இங்கிலிஷ் ஹார்ன். நம் நாகஸ்வரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதும் குடும்பம்; ஆனால் கோயில் வாசலுக்கு எட்டும் முழக்கம் அதற்குக் கிடையாது, தாழ்ந்து கரகரக்கும் குரல். பர்லேயின் குரலைப்போல் இருக்கிறது என்றுதான் த்வோர்ஷாக் அதைத் தேர்ந்தார் என்று ஒரு பேச்சு உண்டு. இருக்கலாம். ஆனால் ஐரோப்பிய இசையில் வீட்டுக்கும் தொலைவுக்கும் இந்தக் கருவியை வைப்பது அவருக்கு முன்பே பழக்கமாகிவிட்டது. 1829இல் ரோசினி 'வில்லியம் டெல்' முன்னிசையில் ஸ்விட்சர்லாந்து மாட்டிடையர் மெட்டை இங்கிலிஷ் ஹார்னில்தான் ஊதவைத்தார். மறு ஆண்டு பெர்லியோஸ். அவருடைய சிம்பொனியில் வயல்வெளிக் காட்சி ஒன்று வரும்: ஓர் இடையன் இங்கிலிஷ் ஹார்னில் ஊத, மேடைக்கு வெளியிலிருந்து ஓபோ மறுமொழி தரும். கடைசியில் மறுபடி ஊதுகிறான். இந்த முறை ஓபோ பதில் சொல்லாது, தூரத்து இடி மட்டும் உருளும். 1865இல் வாக்னர் 'டிரிஸ்டன்' மூன்றாம் அங்கத்தில் இதே கருவியைத் தன்னந்தனியாக நெடுநேரம் ஊதவிட்டார். காயம்பட்டுக் கிடப்பவன் கப்பல் வருமா என்று காத்திருக்கும் இடம் அது.

இந்த வரிசைக்குத் தலை ஸ்விட்சர்லாந்து. மலையிலிருந்து மாடுகளைக் கூப்பிடும் மெட்டு. கூலிப்படையாகப் பிரான்சில் வேலை பார்த்த ஸ்விஸ் வீரர்கள் நடுவே இதைப் பாடக்கூடாது, ஊதக்கூடாது, மீறினால் மரண தண்டனை என்று தடை இருந்ததாக ரூசோ தன் இசை அகராதியில் எழுதினார்; கேட்டால் அழுவார்கள், ஓடிப்போவார்கள், ஏங்கிச் சாவார்கள் என்று. ஊர் ஏக்கத்தை ஒரு நோயாகவே வகைப்படுத்தி யோஹான்னஸ் ஹோஃபர் பாசெல் பல்கலைக்கழகத்தில் 1688இல் மருத்துவ ஆய்வேடு கொடுத்திருந்தார். ரூசோ அடுத்துச் சொன்னதுதான் எனக்கு முக்கியம். இந்த மெட்டில் இசையாக ஒரு சக்தியும் இல்லை. அந்நியன் கேட்டால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. பழைய வாழ்க்கையின் ஞாபகக்குறியாகத்தான் அது வேலை செய்கிறது என்றார்.

எவ்வளவு கூர்மையான பேச்சு! அப்படியும் நம் மெட்டு அவரைப் பொய்யாக்கிவிட்டது. ஸ்விஸ் மலையைக் காணாத பெர்லியோஸின் ரசிகனும், அயோவாவையோ பொஹீமியாவையோ அறியாத டோக்கியோ சிறுவனும் (அவன் கதை பிறகு வருகிறது) இதைக் கேட்டு வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். ஞாபகமே இல்லாத இடத்தில் மெட்டு ஞாபகத்தை உண்டாக்கிக் கொடுக்கிறது. நான் சொல்லவந்தது இதுதான்.

எப்படி என்று கொஞ்சம் சுரத்தோடு பார்ப்போம். அரங்கில் பாடத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். மெட்டின் முதல் அடி காந்தாரத்தில் தொடங்கிப் பஞ்சமத்தைத் தொட்டு, இறங்கி சட்ஜத்தில் அமர்கிறது. பிறகு மறுபடி ஏறுகிறது. மத்தியமம் இல்லை, நிஷாதம் இல்லை. மோகனம் என்று உங்கள் காது சொல்லும். இரண்டாம் கூறில் தைவதத்திலிருந்து மேல் சட்ஜம் தொட்டுத் திரும்பும்போதுதான் காகலி நிஷாதம் எட்டிப்பார்க்கும். ஐரோப்பியர் கைவேலை அங்கே தெரியும். இந்த ஐந்து சுர ஏணி ஸ்காட்லாந்திலும் உண்டு, சீனத்திலும் உண்டு, ஜப்பானியப் பள்ளிப் பாட்டிலும் உண்டு, ஸ்பிரிச்சுவலிலும் ஏராளம். கேட்டவர் எவரானாலும் 'இது எங்கள் பக்கத்துப் பாட்டு' என்று நினைக்க இடம் இருக்கிறது.

நமக்கும் ஓர் ஆசை வரும். வினை முடித்த தலைவன் தேரை விரைந்து செலுத்தச் சொல்லி ஊர் திரும்பும் பாட்டுகள் முல்லைத் திணையில் எத்தனை இருக்கின்றன! அந்த முல்லைக்குரிய பண்ணை ஐந்து சுரப் பண்ணாக, மோகனமாக அடையாளம் கண்ட ஆய்வாளர்களும் நம்மிடம் உண்டு. உடனே இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டால் த்வோர்ஷாக்கும் முல்லைக்காரர் ஆகிவிடுவார். அதைத்தான் அமெரிக்கர் செய்தார்கள். நாமும் செய்ய வேண்டாம். ஒரு வித்தியாசத்தை மட்டும் குறித்துக்கொள்கிறேன்: முல்லைத் தலைவன் வழியில் இருக்கிறான், மாலைக்குள் வந்துவிடுவான் என்ற நம்பிக்கை பாட்டில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாட்டில் அநேகமாக யாரும் வந்து சேர்வதில்லை.

வீட்டுப் பாட்டுகளுக்கெல்லாம் மூத்தது என்று ஆங்கிலேயர் கொண்டாடும் 'ஹோம், ஸ்வீட் ஹோம்' சொற்களை எழுதிய ஜான் ஹோவர்ட் பெய்னும் வந்து சேரவில்லை. அமெரிக்கர், லண்டன் நாடகக் கொட்டகைகளில் எழுதிப் பிழைத்தவர். பாட்டு வந்தது 1823இல், கோவென்ட் கார்டனில் நடந்த 'கிளாரி' என்ற இசைநாடகத்தில். இசையமைத்த ஹென்றி பிஷப், அதே மெட்டை அதற்குச் சற்று முன் 'சிசிலித் தீவின் மெட்டு' என்று அச்சிட்டிருந்தார். ஆங்கிலேயரின் அடுப்பங்கரைப் பாட்டுக்கு இத்தாலிய முகவரி! பெய்ன் துனிஸில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்து 1852இல் இறந்தார். உடல் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது 1883இல். இந்தப் பாட்டை அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 டிசம்பர் 30 இரவு, டென்னசியின் ஸ்டோன்ஸ் ரிவர் அருகே எதிரெதிர் முகாம்களின் இசைக்குழுக்கள் சேர்ந்தே வாசித்தன. விடிந்ததும் சண்டை.

நம் மெட்டு அமெரிக்காவுக்கு வெளியே போனபின் எடுத்த வேலைகள் வேடிக்கையானவை. ஜப்பானில் ஹோரியுச்சி கெய்சோ அதற்கு மலையில் பொழுது சாயும் சொற்கள் எழுதினார். கவிஞர் மியாசாவா கெஞ்ஜியும் தன் இவாத்தே மாநிலத்து மேட்டுநிலம் ஒன்றைப் பற்றி அதே மெட்டில் சொல் போட்டார். 'இயேஜி' என்று இன்று அந்த மெட்டை அழைக்கிறார்கள். வீட்டுக்குப் போகும் வழி. பல ஊர்களில் மாலை ஐந்து மணி வாக்கில் தெரு ஒலிபெருக்கியில் இது ஒலிக்கும். பிள்ளைகள் விளையாட்டை விட்டு வீட்டுக்குப் போகவேண்டும். நிலநடுக்கம், கடல்கோள் வந்தால் எச்சரிக்க வைத்திருக்கும் ஒலிபெருக்கிகள் அவை. வேலை செய்கின்றனவா என்று தினமும் சோதிப்பதற்கு ஒரு மெட்டு வேண்டும், அதற்கு இது. த்வோர்ஷாக் இதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன். ரயில், கப்பல் போன்ற இயந்திரங்கள் மேல் அவருக்குத் தீராத மோகம்.

இங்கிலாந்தில் 1973இல் ஹோவிஸ் ரொட்டிக்கு ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வந்தது. செங்குத்தான கல்தெருவில் ரொட்டிக்கூடையோடு சைக்கிளைத் தள்ளிப்போகும் சிறுவன்; பின்னணியில் பித்தளை வாத்தியக்குழு வாசிக்கும் நம் மெட்டு. இயக்கியவர் ரிட்லி ஸ்காட். பித்தளை வாத்தியக்குழு என்றாலே வட இங்கிலாந்துச் சுரங்க ஊர்தான் நினைவுக்கு வரும் என்பதால், அந்தத் தெரு யார்க்ஷையரில் இருக்கிறது என்று நம்பியவர்கள் ஏராளம். படம்பிடித்தது தெற்கே டார்செட் மாவட்டத்து ஷாஃப்ட்ஸ்பரியில். செக் நாட்டவரின் மெட்டு, தெற்கத்தித் தெரு, வடக்கத்தி ஏக்கம்.

சீனத்தில், ஆளை வீட்டுக்கு அனுப்பும் அந்த மாலை வேலையை வேறொரு அமெரிக்க மெட்டு எடுத்துக்கொண்டது. சாக்ஸஃபோன் கலைஞர் கென்னி ஜி 1989இல் வெளியிட்ட, பெயரும் ஏறக்குறைய இதே பெயர் கொண்ட, 'கோயிங் ஹோம்'. கடை மூடும் நேரம், பள்ளி விடும் நேரம் அதை ஒலிக்கவிடுகிறார்கள். எனக்கு அந்த சாக்ஸஃபோன் திகட்டும். திகட்டினாலும் கடையிலிருந்து ஆளைக் கிளப்புகிறது.

இதைவிட அதிசயமான பயணம் ஜான் ஆர்ட்வே என்ற பாஸ்டன் மருத்துவரின் பாட்டுக்கு வாய்த்தது. வீட்டையும் தாயையும் கனவு காணும் ஒரு பாட்டு அது. 1907இல் ஜப்பானில் இந்தோ கியூகெய் அதே மெட்டுக்கு வழிப்போக்கனின் துயரமாகச் சொல் எழுதினார். டோக்கியோவில் படித்துவிட்டுப் போன லீ ஷுதோங் அதே மெட்டில் சீனத்தில் நண்பனை வழியனுப்பும் பாட்டு எழுதினார். பிறகு 1918இல் துறவியாகிவிட்டார். இன்று அமெரிக்காவில் ஆர்ட்வேயின் பாட்டு யாருக்கும் நினைவில்லை. சீனத்தில் பள்ளிப்படிப்பு முடிக்கும் பிள்ளைகள் அதைப் பாடிப் பிரிகிறார்கள்.

கடைசியாக அமெரிக்காவுக்கே திரும்ப வேண்டும், பர்லேயிடம் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. 1945 ஏப்ரலில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸில் இறந்தார். உடல் புறப்பட்டபோது கிரஹாம் ஜாக்சன் என்ற கறுப்பினக் கலைஞர், கடற்படைச் சீருடையில், கன்னத்தில் கண்ணீர் வழிய அக்கார்டியனில் 'கோயிங் ஹோம்' வாசித்தார். லைஃப் இதழில் வந்த அந்தப் படம் உலகமெல்லாம் போயிற்று. அந்தப் படத்தைப் பார்த்தபின் இந்தப் பாட்டு கறுப்பினத்தவருடையது இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. பால் ராப்சனும் பாடியிருக்கிறார். எழுதியவர் யாரானாலும் பாடிப் பாடி உரிமையாக்கிக்கொண்டார்கள்.

ஆனால் 'த்வோர்ஷாக் ஒரு ஸ்பிரிச்சுவலை எடுத்துக்கொண்டார்' என்ற கதையால் நட்டப்பட்டவர் ஒருவர் உண்டு. அந்தக் கதையில் பர்லே வெறும் கூரியர். தாத்தாவின் பாட்டை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர், அவ்வளவுதான். உண்மையில் அவர் நியூயார்க் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் 1894 முதல் ஐம்பது ஆண்டுக்கு மேல் தனிக்குரல் பாடினார். ஒரு கறுப்பினத்தவரைப் பாடகராக அமர்த்துவதற்கே அப்போது அந்தச் சபையில் எதிர்ப்பு இருந்தது. 'டீப் ரிவர்' முதலான ஸ்பிரிச்சுவல்களைப் பியானோ பக்கவாத்தியத்தோடு தனிக்குரல் மேடைப் பாட்டாக அமைத்து 1910களின் நடுவிலிருந்து வெளியிட்டார். ஷூபர்ட் பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கச்சேரியில் அது நிற்கலாம் என்று ஆனது அவரால். த்வோர்ஷாக் பத்திரிகையில் சொன்ன வேலையைச் செய்து முடித்தவர் பர்லேதான். அதுவும் ஃபிஷர் சொல் போடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே.

மரியன் ஆண்டர்சன் பாடிய 'டீப் ரிவர்' இசைத்தட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். அதை முதலில் கேட்போம், பிறகு ராப்சனின் 'கோயிங் ஹோம்'. இரண்டுக்கும் நடுவில் யாரும் கைதட்டாமல் இருந்தால் நல்லது. கேள்விகளை அதன்பின் எடுத்துக்கொள்ளக் கூட்டத் தலைவர் அனுமதித்திருக்கிறார்.